நான்கு விரற்கடைக் கம்பி

14 ஜூன் 2025, சனிக்கிழமை, காலை 10.40
தென்காசி

மடல் எண் 1. பொருள்: காடிப் பானையின் சிவப்பு விளக்கு

அண்ணாச்சி,

இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்ததும் புளித்த வாழைப்பழ வாடை முகத்தில் அறைந்தது. நேற்று மாலை 4.15க்கு மதினி ஆட்டோவில் கொண்டுவந்து என் மேசைமேல் இறக்கிய பெட்டி. "மறுபடியும் காடி காய்ச்சப்போறேன். லைட்டைப் பாத்துக் குடுங்க. இனி அதுல கை வைக்கப்போறது நான்தான்" என்றார். நீங்கள் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. இதற்குமுன் மதினி என்னோடு பேசியது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. வேறொன்றும் சொல்லாமல் அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார்.

சீசனில் உங்கள் குற்றாலத்துப் பழக்கடையில் விற்காமல் கனிந்துபோன பழங்களை இலத்தூர் வீட்டின் பின்புறத்தில் கூழாக்கிக் காய்ச்சி, டிரம்மில் புளிக்கவிடுவீர்கள். புளியறைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஊறுகாய்க்கென்று அந்தக் காடியைக் கேட்டு வாங்குவார்கள். விறகை விட்டு மின்சார ஹீட்டருக்கு மாறியபோது இந்தப் பேனல் பெட்டியைச் செய்து தந்தவன் நான். "சிவப்பு விளக்கு அணைந்திருந்தால் ஹீட்டரில் கரண்ட் இல்லை. மெயின் சுவிட்ச் வரைக்கும் நடக்க வேண்டாம்" என்று சொன்னவனும் நான். உள்மூடியின்மேல், திறந்தால் கிழியும்படி காகிதம் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதிக் கையொப்பமிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"சர்க்கார் சீல்லா வச்சிருக்கீரு. திருடன் வந்தாலும் தேதியைப் படிச்சிட்டுத்தான் போவான்வே."

9 ஜூன் 2019, ஞாயிறு, காலை 11.20. சுவிட்சை அணைத்து, பானையை வடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்கள். விளக்கைப் பார்த்தீர்கள், அணைந்திருந்தது. அடிப்பிடித்த கூழைச் சுரண்ட ஹீட்டரைப் பற்றினீர்கள். அந்தச் சத்தம் மனிதக் குரலாக இல்லை. நான் ஓடி மெயினை இறக்கியபோது உங்கள் உள்ளங்கைத் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்களே பிய்த்து எடுத்தீர்கள். அடுத்த கணம் இடது கை என் வாயில் இறங்கியது. பல் நாக்கின்மேல் விழுந்தது.

"வெளக்கு அணைஞ்சிருக்கு, கம்பி கொதிக்குது. என்னத்தைவே மாட்டுனீரு?"

"நீங்க மூடியத் தொறந்து நோண்டியிருக்கீங்க."

"நான் தொடல. வந்து உம்ம சீல் காயிதத்தைப் பாரும்வே. பாரும்."

நான் பார்க்கவில்லை. இரத்தம் வழியத் தெருவுக்கு ஓடி, பொய் என்று தெரிந்தே கத்தினேன்: "இந்தாளு உள்ள சாராயம் காய்ச்சுதாரு. கேட்டதுக்கு அடிக்காரு." ஐந்தாறு பேர் கடப்பாரையோடு புகுந்தார்கள். மூன்று டிரம்களையும் குத்திக் கிழித்தார்கள். ஈரத் துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு குறுக்கே நின்ற உங்களை ஒருவன் தள்ள, வெந்த கையின்மேலேயே விழுந்தீர்கள். மதினி அடித்தொண்டையில் அலறினார். காடி வாசலைத் தாண்டிச் சாக்கடைக்கு ஓடியது. அதில் விரலைத் தோய்த்து நக்கிய ஒருவன் சொன்னான்: "ஏலே, இது வினிகருலே." அப்போது நிமிர்ந்து நிற்கும் டிரம் ஒன்றுகூட இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பல் உடைந்திருந்ததை அதற்குச் சாக்காக வைத்துக்கொண்டேன். மருத்துவமனையில் உங்கள் வலக்கையின் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நேற்றிரவு கைவைக்கத் துணியவில்லை. இன்று காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். என் காகிதம் கிழியாமல், ஓரம்கூடப் பிரியாமல் இருந்தது. எட்டு விரல்களோடு வாழ்ந்த ஐந்து ஆண்டுகளிலும் நீங்கள் அதைத் தொடவில்லை. நான் வந்து பார்ப்பேன் என்று வைத்திருந்தீர்களா?

பிளேடால் கீறி மூடியைக் கழற்றினேன். மின்சாரம் கொடுத்தேன். சுவிட்சை அணைத்தேன், சிவப்பு விளக்கும் அணைந்தது. ஹீட்டர் முனையில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் எரிந்தது. சுவிட்சின் சொல் கேட்டு ஹீட்டரை இணைத்து விலக்கும் காண்டாக்டருக்குள் முனைகள் உருகி ஒட்டிப்போயிருந்தன. அது தேய்மானம், யார் குற்றமும் இல்லை. ஆனால் ஹீட்டருக்குப் போகும் முனையில் விளக்குக் கம்பி இருந்திருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் அது எரிந்துகொண்டே இருந்து உங்களை எச்சரித்திருக்கும். என் வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பெட்டியில் அப்படி இல்லை. சுவிட்சிலிருந்து காண்டாக்டருக்கு வரும் முனையில் மாட்டியிருந்தேன். சுவிட்ச் என்ன சொன்னது என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டும். ஹீட்டர் கேட்டதா என்பது அதற்குத் தெரியாது.

ஏன் அப்படி மாட்டினேன் என்பதும் நினைவுக்கு வந்தது. சிவப்புக் கம்பியின் நீளம் நான்கு விரற்கடை குறைவாக இருந்தது. ஒட்டுப்போட்ட கம்பி என் பேனலில் இருப்பதை நான் சகித்ததில்லை. கிட்ட இருந்த திருகில் மாட்டி, மூடி, தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். என் சுத்தம் உங்கள் விரல்களைத் தின்றது, அண்ணாச்சி. நீங்கள் அடித்த அடி சரியான இடத்தில் விழுந்தது.

புதுக் கம்பியை முழு நீளத்துக்கு இழுத்துச் சரியான முனையில் மாட்டினேன். ஒட்டிப்போன காண்டாக்டரை மாற்றுமுன் சோதித்தேன். சுவிட்சை அணைத்தும் விளக்கு எரிந்தது. பிறகு காண்டாக்டரையும் மாற்றினேன். இனி விளக்கும் ஹீட்டரும் ஒன்றாக அணைகின்றன. ஆனாலும், மெயினை இறக்காமல் கை வைக்கக் கூடாது என்று மூடியில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

இன்று மாலை ஐந்து மணிக்குப் பெட்டியோடு இலத்தூர் வருகிறேன். முதலில் மதினியிடம் சொல்வேன். பிறகு அன்று கத்திய அதே இடத்தில் நின்று, காய்ச்சியது சாராயம் அல்ல, தவறு என்னுடையது, பொய்யும் என்னுடையது என்று சொல்வேன். கடப்பாரை எடுத்தவர்களில் நால்வர் இன்றும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கை ஓங்கினால் தடுக்கமாட்டேன். மதினி ஓங்கினாலும்தான்.

இந்த மடலைப் பேனல் கதவின் உட்புறத்தில் உறையிலிட்டு ஒட்டுகிறேன்.

இணைப்பு:
1. என் கையொப்பமிட்ட காகிதம், இன்று காலை 6.10க்கு என்னால் கீறப்பட்டது.
2. அன்று தவறான முனையில் மாட்டிய சிவப்புக் கம்பி. குறைவு நான்கு விரற்கடை.
3. உருகி ஒட்டிய காண்டாக்டர் முனைகள்.
4. திருத்திய வரைபடம், ஒரு தாள்.

பல் இணைக்கப்படவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.