உடுப்பைப் பார்த்து வந்தவள்

அன்பு மகள் இந்துமதிக்கு அப்பா எழுதுவது. முத்தாரம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம்தான், அந்த ஜெர்மனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா என்பதுதான் அவளுக்குக் கவலை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கேட்டாயே, ஆளில்லாமல் ஓடும் உங்கள் கம்பெனி கார், சிவப்பு விளக்கு எரியும்போது போலீஸ் வரச்சொல்லிக் கை காட்டினால் எதைக் கேட்க வேண்டும் என்று. சட்டப்படி கைதான் பெரிது என்றாய், நானும் பின்னே என்ன, மனுசன் நிற்கும்போது விளக்குக்கு என்ன மரியாதை என்று பெரிதாகப் பேசினேன். உன் வேலை நிலைக்க வேண்டுமென்று அம்மனுக்கு நேர்ந்து இந்தத் தசராவுக்குப் போலீஸ் வேடம் போட்டேன் அல்லவா, அந்த வேடத்தோடு கோயிலுக்குக் காணிக்கை வாங்கப் போன சாயங்காலம் நம் கடைப்பக்கத்து சிக்னலில் ஒரே நெரிசல். என்ன கிறுக்குப் பிடித்ததோ, நடுவில் நின்று கை காட்ட ஆரம்பித்துவிட்டேன். வண்டியெல்லாம் என் கைக்கு நின்றது, என் கைக்குக் கிளம்பியது. வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள், எனக்கு அது ருசித்துவிட்டது தாயி. சிவப்பில் நின்ற ஸ்கூட்டிக்காரப் பெண்ணை வா வா என்றேன், வந்தாள், பச்சையில் வந்த லோடு ஆட்டோ இடித்துக் கால் முறிந்துபோனது. பாவி நான், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன்.

முத்துக்கனி என்று பேர். போலீஸ் கூப்பிட்டுத்தான் வந்தேன் என்கிறாள், அன்று அங்கே யாருக்கும் டூட்டியே இல்லை என்று ஸ்டேஷனில் அடித்துச் சொல்கிறார்கள். செவப்புல வந்துட்டு பொய் வேற சொல்லுதா என்று புருசனே ஆஸ்பத்திரியில் ஏசுகிறான். கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று அவளிடம் போய், அது நான்தாம்மா என்று சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சும்மா இருங்க அண்ணாச்சி, அவரு நெசப் போலீஸு, எனக்காவப் பொய் சொல்லாதிய என்றுவிட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை, உடுப்பைத்தான் பார்த்திருக்கிறாள். உங்கள் காரும் அதைத்தானே பார்க்கும்? யார் கை காட்டினாலும், குறுக்கே வருகிறவன் நின்றுவிட்டானா என்று பார்த்த பிறகே கிளம்பச் சொல்லிக்கொடு. அப்பா அன்று பேசியதை மறந்துவிடு.

நேர்ந்தது உனக்காகத்தான், கை காட்டியது எனக்காக. உன்மேல் எதையும் போட்டுக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அம்மன் உனக்குத் துணை இருப்பாள். நாளை முத்துக்கனியின் புருசன் இருக்கும் நேரம் பார்த்து, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டே கட்டிலுக்கு முன்னால் போய் நிற்கப்போகிறேன், அங்கிருந்து அப்படியே ஸ்டேஷனுக்கு. அம்மா அழுகிறாள், அழுதுகொண்டேதான் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கதுரை