அடங்கியிருக்கு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நான் சொன்னால் நம்பமாட்டாய் என்று உன் அம்மாவைப் பக்கத்தில் சாட்சிக்கு உட்காரவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பெரிய மனுஷரும் சுகமாக இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு அப்பாவும் வரணும் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் வண்டி நின்றாலும் வயிறு ஓடிக்கொண்டே இருந்த ஆள் நான். போகிற வழியில் எந்தக் கழிப்பறை எப்போது திறந்திருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. நீ பட்டம் வாங்க மேடை ஏறியபோது நான் எங்கே இருந்தேன் என்று உனக்கே தெரியும். இந்தக் குடல் அழற்சிக்குப் புது மருந்தை ஊசியாகப் பல வருடம் போட்டுப் பார்க்கிற ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகுதான் கொஞ்சம் மனுஷனாக நடமாடுகிறேன், மரியாதையும் கூடியிருக்கிறது. வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அங்கேயோ படித்தவர்கள் சுற்றி உட்கார்ந்து, காலையில் போனது கெட்டியா தண்ணியா என்று பயபக்தியோடு கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

போன வாரம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மயக்கம் தெளியும்போது டாக்டரம்மா, நல்லா அடங்கியிருக்கு என்றார். என் காதில் அடியோட அடங்கிடுச்சு என்றுதான் விழுந்தது. சட்டென்று எழுந்து குனிந்து ஒரு பெரிய கும்பிடு போட்டு, ரொம்ப நன்றிம்மா, இனிமே ஊசி வேண்டாம், என் பேரை எடுத்துடுங்க, நான் பொண்ணு பிரசவத்துக்குப் போறேன் என்று விடைபெற்றேன். அந்த ஆஸ்பத்திரி அங்கிக்கு முதுகுப்பக்கம் முடிச்சு மட்டும்தான் உண்டு என்பது மறந்துபோயிற்று. பின்னால் நின்ற நர்சம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடங்கியிருக்குன்னா போயிடுச்சுன்னு அர்த்தமில்லை ஐயா, மருந்தை விட்டா திரும்பத் தலைதூக்கும் என்றார் டாக்டரம்மா. உன் அம்மா சும்மா இருப்பாளா, இவரும் அதே ஜாதிதான் டாக்டர், நான் பக்கத்துல இருக்கிறவரைக்கும் அடங்கியிருப்பார், திருந்தமாட்டார் என்று போட்டு உடைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசியா மகளா என்று ஆகிவிட்டதே என்று நினைத்தேன் குட்டிம்மா. அதைக் கண்டுகொண்டு டாக்டரம்மாவே, வீட்லயே முடங்கிக் கிடக்கவா இந்த மருந்து, ரெண்டு ஊசிக்கு நடுவுல போயிட்டு வாங்க, அங்க எப்படி இருந்தீங்கன்னு வந்து சொல்லுங்க, எங்களுக்கும் அதுதானே தெரியணும் என்றார்.

ஆகவே வருகிறேன். நீ கனமானது எதையும் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. உங்கள் வீட்டில் ஒரே கழிப்பறைதான் என்று மாப்பிள்ளை கவலைப்பட வேண்டாம் என்று சொல். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து நீடூழி வாழ வேண்டும்.

விமான டிக்கெட் எடுக்கும்போது, வழக்கம்போல கழிப்பறைக்குப் பக்கத்துல கேட்கவா என்றாள் உன் அம்மா. ஜன்னலோரம் கேள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதைக்கு அடங்கியிருக்கும்,
உன் அப்பா