முடியில் படிந்த புகை

வியாசர்பாடி,
புதன்கிழமை

அன்புத் தம்பி நிலவனுக்கு,

ஜெய்பீம். அக்கா ரமாபாய் எழுதுகிறேன். மும்பையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கப்பல் வேலைக்கு எப்போது ஏற்றுவார்கள் என்று சொன்னார்களா? உன் மாமாவின் போனையும் என் போனையும் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்று அங்கே வர ரயிலேறும் சாலமோனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கிளம்பிய பிறகு எண்ணூர் ஆலையில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மட்டும் தலைமுடியை வெட்டிச் சோதித்தார்கள். ஆபீஸ்காரர் ஒருவர் தலையிலும் கத்தரி படவில்லை. பீடி கூடத் தொடாத உன் மாமாவின் முடியில் கஞ்சா இருக்கிறதாம். கெஞ்சிக் கேட்டு சிறுநீரையும் சோதிக்க வைத்தார். அதில் ஒன்றுமில்லை. அது நாலு நாள் கதைதான், முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும் என்றுவிட்டார்கள். வேறு லேபில் பார்க்கவும் மறுத்துவிட்டார்கள்.

போலீஸ் பிடித்த கஞ்சா மூட்டைகளை ஆலை உலையில் எரிக்க அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் கூப்பிட்டார்களே, உலை ஃபேன் நின்றுபோய்ப் புகை முழுக்க உங்கள் மேலேயே திரும்பியதே, அதையும் சொல்லிப் பார்த்தார். புகையே வரவில்லை, மாஸ்க்கும் தொப்பியும் கொடுத்தோம் என்று சூப்பர்வைசர் குணசேகரன் சாதிக்கிறார். எரிக்கும் முன் ஒரு மூட்டை குறைந்ததாம். முடியில் கஞ்சா உள்ளவன்தான் எடுத்திருப்பான் என்கிறார்கள். இழுத்தவன் யார், எரித்தவன் யார் என்று முடிக்கு எப்படித் தெரியும்?

நேற்று சோற்றைப் பிசைந்தபடியே, “நா இன்னா பண்ணேன் ரமா? அவுங்க எரிக்கச் சொன்னதத்தான எரிச்சேன்” என்றார். பிறகு சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு கெங்கம்மா எங்களைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். திங்கட்கிழமை மாற்றுத்துணியோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் புழல் ஜெயில்தான் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குளிப்பதற்கு முன் நீ ஒரு பையோடு மொட்டை மாடிக்குப் போனாய். இறங்கும்போது கையில் பை இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமாவிடமும். நிலவன் வந்து புகையைப் பற்றிச் சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

புத்தர் படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் நீ கப்பலேறி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன். இப்போதும் அதையேதான் வேண்டுகிறேன். ஆனால் திங்கட்கிழமைக்குள் வந்துவிடு தம்பி. உன் தலையிலும் அதே புகை இருக்கும். முடி வெட்டாமல் வா.

உன் அக்கா,
ரமாபாய்