எடை குறைந்த ராஜா ரூபாய்

கும்மிடிப்பூண்டி
14.9.2003

அன்பு மகன் எட்வர்டுக்கு, உன் அம்மா சின்னப்பொண்ணு சொல்லச் சொல்ல உன் தங்கை சுகிர்தா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இவளும் சுகமாக இருக்கிறோம், சவுதியில் தமாமில் நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு உருக்காலையில் இந்த மாதம் பகல் ஷிப்டுதான், இருமல் குறைந்திருக்கிறது. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் அந்த ராஜா தலை வெள்ளி ரூபாயைப் பற்றியே பேச்சு. சின்ன வயதில் கையில் வைத்தாலே அது இலேசாக இருக்கும் என்றும், அச்சடிக்கும்போதே எடை குறைந்து வந்த காசு அபூர்வம், பெரிய விலை போகும் என்று உன் அறையில் இருக்கும் ரஷீத் தம்பி சொன்னதாகவும், அதை விற்றால் ஒப்பந்தம் முடியும்வரை காத்திராமல் கிறிஸ்துமஸுக்கே வந்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அதை இவள் படித்துக் காட்டியபோது, கிறிஸ்துமஸ் என்ற இடத்தை நான் மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

சுகிர்தா வேலை செய்யும் கம்பெனியில் நட்டுகளை எண்ணிப் போடுவதில்லை, எடை போட்டுத்தான் பெட்டியில் அடைக்கிறார்கள். ஒரு பிடியில் இரண்டு நட்டு குறைந்தால்கூட இவள் கை சொல்லிவிடுமாம். அந்தத் தராசில் காசை வைத்துப் பார்க்க சூப்பர்வைசர் பூவராகவனிடம் கேட்க இவளுக்கு நான்கு நாள் ஆனது. அவர், "இன்னாமே, நட்டுக்கு பதிலா துட்டு பேக் பண்றியா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டுத்தான் விட்டாராம். ஒன்பது கிராம் எண்ணூறு மில்லி இருந்தது. சரியான ரூபாய் பதினொன்றரைக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை, உன் பெட்டி வாசலில் இறங்கிவிட்டது போலவே இருந்தது.

வேப்பம்பட்டில் அப்பாவு என்று ஒருவர் இருக்கிறார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய காசு சேர்ப்பவர். நேற்று பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி இவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தன் குட்டித் தராசில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஓரத்தைச் சுற்றி இருக்க வேண்டிய கோடுகள் ஒரு பக்கம் விழவில்லை, இதுவும் அச்சடித்த இடத்துத் தப்புதான் என்று சொல்லி, "அம்மா, இப்டி ஒண்ணு என் கைக்கு வந்ததே இல்ல, பதினஞ்சாயிரம் தரேன், வேற எங்கியும் காட்டாத" என்றார். நான் கர்த்தாவே என்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

உன் தங்கை வெளி ஆள் முன்னால் வாய் திறக்க மாட்டாள் என்று உனக்குத் தெரியும். மேஜையில் இருந்த அவருடைய நல்ல ரூபாய் ஒன்றை எடுத்து மேஜைக் கண்ணாடிமேல் உருட்டினாள், அது ஓடி ஓரம்வரை போனது. நம் காசை உருட்டினாள், கொஞ்ச தூரம் போய்த் தட்டி நின்று விழுந்தது. மறுபடி உருட்டினாள், மறுபடியும் ராஜா கழுத்துக்குக் கீழே இருக்கும் அந்த ஓரம் கீழே வந்ததும் நின்றது. என் காதில் மெல்ல, "அம்மா, கொழந்தைங்களுக்கு உரைக்கிறது இந்தப் பக்கந்தானே?" என்றாள். நம் லைன் வீடுகளில் பொன் இல்லாததால், பிள்ளை பிறந்தால் தேனில் பொன் உரைப்பதற்குப் பதிலாக இந்த வெள்ளிக் காசைத்தானே கல்லில் இழைத்து நாக்கில் தடவினோம்! என் கையால் எத்தனை பிள்ளைக்கு இழைத்திருக்கிறேன், காசு தேயும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே. அவள் தொடையில் கிள்ளினேன், சும்மா இரு என்று. மறைப்பானேன், உன் கிறிஸ்துமஸ்தான் என் கண்ணில் இருந்தது. அவள் தொடையைத் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஐயா, இது அச்சுல கொறைஞ்சது இல்ல. நாங்க தேச்சது. அச்சுல கொறைஞ்சிருந்தா சுத்தியும் ஒரே மாதிரி இருக்கும், இது ஒரு பக்கந்தான் தேஞ்சிக்கினு இருக்குது" என்றாள்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இத்தினி வருசமா காசு பாக்குறேன், உருட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணலியேம்மா. எத்தினாவது படிக்கிற?" என்றார். எட்டாவதோடு நின்றுவிட்டேன் என்று இவள் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் அப்பாவுக்குக் கையில் அடிபட்ட வருஷம் நாம் நிறுத்திய படிப்பு அது. அந்தப் பூதக்கண்ணாடியை இவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார். காசுக்கு இனி வெள்ளி விலைதான், அதை விற்காமல் கொண்டுவந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி வண்டி ஏறும்வரை இவளை விட்டுவிட்டு நான் முன்னால் விடுவிடுவென்று நடந்தேன். பதினைந்தாயிரத்தையும் உன்னையும் சேர்த்து இவள் தள்ளிவிட்டாள் என்ற கோபம். மீஞ்சூர் தாண்டும்போது யோசித்தேன். அந்தப் பெரியவர் பிறகு ஒரு நாள் கண்டுபிடித்திருந்தால், அந்தப் பணத்தில் நீ வாங்கிய டிக்கெட்டில் வந்து இறங்கும்போது நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்? அண்ணன் வர வேண்டும் என்று என்னைவிட ஏங்குகிறவள் இவள், அப்படியிருந்தும் சொன்னாளே. எட்வர்டு, நம் வீட்டில் இப்படி ஒரு பெண் இருப்பது எனக்கே நேற்றுதான் தெரிந்தது. இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி என்று அதட்டி எழுதவைக்கிறேன்.

இந்தக் காசை இழைத்து நாக்கில் தடவிய பிள்ளைகளை, உன் அப்பாவிலிருந்து பக்கத்து வீட்டு சாராள் பிள்ளைவரை விரல் விட்டு எண்ணினோம், நாற்பது பேர் வந்தது. குறைந்த எடையை வகுத்து, ஆளுக்கு ஒரு மிளகு எடை என்கிறாள் உன் தங்கை. உன் பங்கு ஒரு மிளகு அங்கே தமாமில் உன்னோடுதான் இருக்கிறது. இப்போது நர்ஸம்மா தாய்ப்பாலைத் தவிர எதையும் பிள்ளை நாக்கில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இனி அது தேயாது.

கிறிஸ்துமஸுக்கு நீ வர முடியாது என்பது எனக்குத் தெரிகிறது, மனதைத் தேற்றிக்கொள். ஆனால் அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் மறைக்காமல் எழுது, காசை நம்பியா உன்னைப் பெற்றேன், வெறுங்கையோடு வா. வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, சாப்பாட்டு வேளையைத் தள்ளாதே, ரஷீத் தம்பியிடம் கோபப்படாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா சின்னப்பொண்ணு

அண்ணா, அம்மா என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியை நான் எழுதவில்லை. எடையை மட்டும் சரியாக எழுதியிருக்கிறேன். வாய் திறக்காமல் காசை அவரிடம் கொடுத்திருந்தால் நீ வந்திருப்பாய். என்மேல் கோபம் இல்லை என்று ஒரு வரி எழுது.
சுகிர்தா