பேதுருவின் மாமி யார் வீட்டில் படுத்திருந்தாள்?

திருநின்றவூர்
1934 நவம்பர் 18

அன்பு மகள் ஜெயசீலிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே நான் சுகம், தங்கவயலில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன வாரம் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் சுகம் என்ற சொல்லைப் பொய்யாகத்தான் எழுதியிருப்பேன், குளிர்காய்ச்சல் வந்து பாயோடு பாயாகக் கிடந்தேன். பதறாதே, இப்போது எழுந்து நடமாடுகிறேன், கொயினா மருந்தின் கசப்புதான் இன்னும் நாக்கை விட்டபாடில்லை. மழை பிடித்துக்கொண்டு ஏரி தளும்ப நிற்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு இதே காய்ச்சல்தான். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் என் அடுப்பில் புகையைக் காணோமே என்று எட்டிப் பார்த்தவள், இன்னாக்கா இப்டி சுருண்டு கீறே, பொண்ணு கீது, தங்கமாட்டம் மருமவன் கீறாரு, நீ இன்னாத்துக்கு ஒண்டியா கெடந்து சாவுறே என்று திட்டிக்கொண்டே கஞ்சி ஊற்றினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஞாயிறு ஆராதனையில் என்னைக் காணாமல் உபதேசியார் வீட்டுக்கே வந்துவிட்டார். காய்ச்சல்காரிக்கு ஏற்றது என்று, ஆண்டவர் பேதுருவின் மாமியைக் குணமாக்கிய அற்புதத்தை வாசித்தார். சிறு பெண்ணாக இருந்தபோதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் படுத்துக்கொண்டு கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் யார் வீட்டில் ஐயா படுத்திருந்தாள் என்று பாதியில் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்துவிட்டு, பேதுருவின் வீட்டில்தான் அம்மா, அவருடைய சகோதரரும் அங்கேதான் இருந்திருக்கிறார் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கலாமா என்று இத்தனை நாள் நான் வீம்பு பிடித்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் மருமகன் வீட்டிலே, அதுவும் அவருடைய சகோதரரும் இருக்கிற வீட்டிலே, பாய் விரித்துப் படுத்தே இருந்திருக்கிறாள்! உள்ளே வந்த ஆண்டவர், இங்கே உனக்கென்ன வேலை, உனக்கு மகன் இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு மகன் இருந்தானா, எந்த ஊரிலிருந்து வந்தாள், வரும்போது அவளும் கூசினாளா, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஆண்டவரிடம் முதலில் வாயைத் திறந்து சொன்னது மகளா மருமகனா என்று அடுக்கிக்கொண்டே போனேன். உபதேசியார் சிரித்து, அம்மா உங்களுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். பாவம் அந்த அம்மாளுக்கு ஒரு பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை, பேதுருவின் மாமி, அவ்வளவுதான்.

குணமானதும் அவள் எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தாள் என்று வருகிறதே, அதைக் கேட்டு, கஞ்சிச் சட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்காவனம், ஜொரம் உட்டதும் அடுப்பாண்ட போயிட்டாளா, அந்த ஊட்ல வேற பொம்பளையே இல்லியா என்று சண்டைக்கு வந்தாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்தால், விருந்தாளியை யார் அடுப்பண்டை விடுவார்கள்? அது அவளுக்கும் வீடாக இருந்ததனால்தானே கேட்காமல் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இன்னொன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. ஆண்டவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் காய்ச்சல் போயிற்று. முதலில் தேறட்டும், பிறகு கை கொடுக்கலாம் என்று அவரும் நிற்கவில்லை, அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விசுவாசம் என்றால் மலையை நகர்த்துகிற பெரிய காரியம் என்றே இருந்தேன், நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வதும் அதுதானோ என்னவோ. போன மாதம் மாப்பிள்ளை என்னை அழைத்துப்போக வந்தபோது, ஏரிக்கரைச் சேற்றில் நான் வழுக்கினேன், அவர் சட்டென்று கை நீட்டினார். நான் பார்க்காதவள் போல் முள்வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நான் வரவில்லை என்று சொன்னபோதுகூட அவர் முகம் அவ்வளவு வாடவில்லை. அந்த முகம்தான் காய்ச்சல் முழுக்க என் கண்முன் நின்றது, அழுதுவிட்டேன் ஜெயா.

ஆகையால் கிறிஸ்துமஸுக்கு முன்பே நான் வந்துவிடுகிறேன், வந்து உங்களோடேயே இருக்கிறேன். ஆட்டைப் பூங்காவனம் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளையை மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வரச் சொல், ரயில் படி எனக்கு உயரம், அவர் கை நீட்டினால் பிடித்துக்கொண்டு இறங்குவேன். வந்த அன்றைக்குச் சமையல் என்னுடையது, விருந்தாளி மாதிரி மணை போட்டு உட்காரவைத்தால் அடுத்த வண்டிக்கே திரும்பிவிடுவேன். அங்கே பனி அதிகமாமே, காதை மூடிக்கொள். சுரங்கத்தில் இறங்குகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதை நீ படித்துச் சொல்லாமல் மாப்பிள்ளை கையிலேயே கொடுத்துவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா ராகேல்,
பால்ராஜின் மாமி.