மூன்று இலவச டிக்கெட்

செப்டம்பர் 10, புதன்

காலையிலிருந்து தூறல். குடைக் கம்பி ஒன்று வளைந்துவிட்டது. பள்ளிக்கூட நூலகத்துக்குத் திரும்பி வந்த புத்தகங்களில் இரண்டில் கறிக் கறை, ஒன்றில் நடுப்பக்கம் இல்லை. பிள்ளைகளைத் திட்ட மனம் வரவில்லை. படித்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். நானும் அந்த ஜாதிதான்.

மாலை வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு உறை. உள்ளே மூன்று டிக்கெட். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி, பல்லேகலையில் ரொக் கச்சேரி. மூன்று குழுக்கள்.

"செசிலியா அன்ட்டி குடுத்தாங்க. ரெஜினாவையும் அந்த நஸ்ரினா புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா." அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

ஆறு மணிக்கு மேல் நான் வெளியில் இருந்தால் மூன்று தடவை போன் எடுத்து எங்கே என்று கேட்கிறவள் அம்மா. செசிலியா அன்ட்டியோ மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவி. பூசையில் கிற்றார் வாசிக்கக் கூடாது என்று சுவாமியிடம் போய் முறையிட்டவர். அவர் கையில் ரொக் டிக்கெட் எப்படி வந்தது? எங்கள் மஹய்யாவயில் நடந்த கல்யாணங்களில் பாதி அவர் பேசி முடித்தவை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

சாப்பிடும்போது அம்மா: "என்னா உடுத்தப் போற?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாகக் காட்டவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

டிக்கெட்டை மறுபடி பார்த்தேன். மூலையில் பச்சை முத்திரை. இடைவேளையில் குழுவினரை நேரில் சந்திக்கலாமாம். இலவச டிக்கெட்டுக்கு இவ்வளவு உபசாரமா?

நஸ்ரினாவிடம் சொன்னேன். நூலகத்தில் என்னோடு வேலை செய்கிறவள், எதையும் பாதிக்கு மேல் நம்பாதவள்.

"ஒன்னப் பாக்கத்தான் கூட்டிட்டுப் போறாங்க. சந்தேகமே இல்ல," என்றாள். "எங்கட ஊட்டுலயும் இப்பிடித்தான். சாச்சியப் பார்த்தது சப்பாத்துக் கடையில. அவ செருப்புப் போட்டுப் பாக்குறா, மாப்பிள்ளை காலைப் பாக்குறாரு."

எங்கள் பக்கத்திலும் அதே கதைதான். பெரியம்மா மகள் டெய்சியைப் பார்த்தது பேராதனைப் பூங்காவில். ஓர்கிட் பூ பார்க்கப் போவதாகக் கூட்டிப் போனார்கள். அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்த 'அப்பாவின் பழைய நண்பர்' இப்போது அவளுடைய மாமனார். பெண்ணுக்குத் தெரியாமல் பார்த்தால் பெண் இயல்பாக இருப்பாளாம். பிடிக்காமல் போனாலும் பெண்ணுக்குத் தெரியாதாம். தெரியாதது வலிக்காதாம். ஊரே தெரிந்து வைத்திருக்கும், அது வேறு.

முறையாகப் பெண் பார்க்க இரண்டு பேர் வந்து போனார்கள். இரண்டாமவரிடம் கடைசியாக என்ன புத்தகம் படித்தீர்கள் என்று கேட்டேன். "பேங்க் புக்," என்றார். சிரித்துவிட்டேன். அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார் என்று அம்மா இன்றைக்கும் வாதாடுகிறாள். இனி எனக்குச் சொல்லாமலே செய்வது என்று அன்றைக்கே முடிவெடுத்திருப்பாள்.

எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமே வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. என்னைக் கேட்காமல் என்னைத் தீர்மானிக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு இரண்டும் ஒரே வாக்கியம்.

ரெஜினாவுக்கு போன் எடுத்தேன். முதலாம் வகுப்பிலிருந்து சிநேகிதி, அம்மாவுக்குச் செல்லம். டிக்கெட் என்றதும், "தெரியும், தெரியும்," என்றாள். எப்படித் தெரியும்? பிறகு யாரோ கூப்பிடுவதாக வைத்துவிட்டாள். கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 13, சனி, காலை

மழை வரும்போல். அம்மா நீல சுரிதாரை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருக்கிறாள். நான் சாம்பல் நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டேன், தோளில் தையல் விட்டது. அம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு, காலை

தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. காதில் இன்னும் இரைச்சல். மறப்பதற்குள் நேற்றையது.

மண்டபம் தொழிற்பேட்டைப் பக்கம். தகரக் கூரை. வாசலில் இறால் வடை, கறுப்பு டீ-ஷர்ட் பையன்கள், நனைந்த தலைமயிர். எங்களுக்கு மூன்றாவது வரிசை. உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்தேன். நீட்டுக்கை சட்டை, அழுத்தி வாரிய தலை, மடியில் கை கட்டி ஒருவர் தனியாக. இவர்தான் என்று நஸ்ரினாவின் காதில் சொன்னேன். அரை மணி நேரம் அவரைப் பார்த்து முறைத்தேன். மின்சாரம் போனபோது அவர்தான் எழுந்து ஓடினார். ஜெனரேட்டர் பார்க்க வந்தவராம்.

"பாவம் மனுசன்," என்றாள் ந. "ஒன்ட பார்வையில ஜெனரேட்டரே நின்டிருக்கும்."

முதல் குழு கொழும்பிலிருந்து, சிங்களப் பாட்டுகள். பாடகர் கழுத்து வரை பச்சை குத்தியிருந்தார். மேடையில் உறுமினார். இரண்டாவது, பல்கலைக்கழகப் பிள்ளைகள். மைக் வேலை செய்யாததில் பாதி நேரம் போனது. மூன்றாவது கலஹாவிலிருந்து வந்த தமிழ்க் குழு, பெயர் 'ஏழாம் லயம்'. இடைவேளைக்குப் பிறகுதான் வாசித்தார்கள்.

இடைவேளையில் பச்சை முத்திரையைக் காட்டி மேடைக்குப் பின்னால் போனோம். ஒரு கொட்டகை, பிளாஸ்டிக் கதிரைகள், வயர்கள். உறுமிய பாடகர் தொண்டைக்குச் சுடுதண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கதிரை கொடுத்தார். அவ்வளவு மரியாதை. அவரையும் சந்தேகித்தேன், ஒரு நிமிடம்.

பிறகு ஏழாம் லயத்தின் பேஸ் கிற்றார்காரன். கெவின் என்று பெயர். நேராக என்னிடம் வந்தான்.

"நீங்க மஹய்யாவ தானே? சந்தியிலருந்து மேலயா, கீழயா?"

"ஏன்?"

"சும்மாதாங்க. ஞாயித்துக்கிழம எத்தன மணி பூசைக்குப் போவீங்க? எல்லாரும் சேந்துதான் போவீங்களா?"

"பூசைக்கே போறதில்ல. சமைக்கவும் தெரியாது."

அவன் விழித்தான். "நான் அதக் கேக்கலயே."

ரெ. முகத்தைத் திருப்பிச் சிரிப்பை அடக்கினாள். கண்டுகொண்டேன். இவன்தான் மாப்பிள்ளை, ரெ. கூட்டு. எழுந்து கொட்டகையின் மறு மூலைக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு பெண் டிரம்ஸ் வாசிக்க விரல்களுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தாள். கெவினின் குழுதான். பிரிஸ்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. பிளாஸ்டரின் முனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். என்ன வேலை என்று கேட்டாள். நூலகம் என்றதும், அவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பூட்டிய அலுமாரிக்குள் புத்தகம் இருந்ததைச் சொன்னாள். கண்ணாடி வழியாக முதுகுப் பெயர்களை மட்டும் வாசிப்பாளாம். பெயரை வைத்துக் கதையைத் தானே கட்டுவாளாம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நேற்று மண்டபத்தில் நான் சந்தேகிக்காத ஒரே ஆள்.

அதனால் சொல்லிவிட்டேன். இன்றைக்கு என்னை யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள், உங்கள் பேஸ்காரன் என்று நினைக்கிறேன், எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

அவள் பிளாஸ்டரைச் சுற்றுவதை நிறுத்தினாள். "தெரிஞ்சா கோவமாங்க?"

"கோவம் இல்ல. கடையில தேங்காயத் தூக்கிப் பாத்துட்டு வைக்கிறாங்களே, அந்த மாதிரி இருக்கு. தேங்காய்க்கே தெரியும், தட்டுறாங்கன்னு."

"பாக்க வந்தவங்க நல்லவங்களா இருந்தா?"

"நல்லவங்கன்னா மொதல்ல எங்கிட்டல்ல கேக்கணும்."

அவள் தலையாட்டினாள். பிறகு நம்பர் கேட்டாள், ஏதாவது புத்தகம் இரவல் வாங்கிக்கொள்ளலாமா என்று. கொடுத்தேன்.

அவர்கள் வாசித்ததைச் சொல்ல வேண்டும். கலஹா பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு. ஒவ்வொரு வளைவுக்கும் டிரம்ஸ் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. மழை கூரையில் கொட்டியது. விலா எலும்புக்குள் அதிர்ந்தது. ஐந்து நிமிடம் நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது கண்டி பஸ்ஸில் ரெஜினாவிடம் கேட்டேன். "எவ்வளவு நாளாத் தெரியும்?"

"என்னா தெரியும்?"

"நடிக்காத. அம்மா சொல்லித்தானே அந்த கெவின எங்கிட்ட விட்ட?"

"ஒன் மண்டக்குள்ள ஒரு பொலிஸ் ஸ்டேசனே இருக்குடி. அதுல என்னையும் பிடிச்சுப் போட்டுட்ட," என்றாள். கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் மாற வேண்டியவள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

வெயிலும் தூறலும். ரெ.க்கு இரண்டு தடவை எடுத்தேன். பதில் இல்லை.

வேலை விட்டு வந்தபோது வாசலில் செசிலியா அன்ட்டியின் செருப்பு. படியிலேயே நின்றேன். ஒட்டுக்கேட்டேன், மறைப்பதற்கில்லை.

"கிட்ட இருந்தே பாத்தாங்களாம். பேச்சும் குடுத்தாங்களாம். புதன்கெழம முடிவு சொல்றாங்களாம்."

அம்மா: "இவ ஏதாச்சும் ஏடாகூடமா பேசியிருப்பா."

"அப்பிடி ஒண்ணும் சொல்லலயே."

ஆக, நான் நினைத்தது சரி. மகிழ்ச்சி இல்லை. சரியாக இருந்துவிட்டால் மனம் ஆறும் என்று எங்கே படித்தேன்?

செப்டம்பர் 16, செவ்வாய்

புதிய புத்தகங்கள் வந்தன, ஒரு பெட்டி. எண் போட்டேன், நாற்பது வரை.

ந. தேநீர் நேரத்தில்: "கெவின் மாப்பிள்ளையும் இல்ல, ஒன்டும் இல்ல. அவன் ரெஜினாட ஆள். ஆறு மாசமாம். நீ பக்கத்துல இல்லாத நேரம் அவளைத் தனியாப் பாக்கத்தான், நீ எந்தப் பூசைக்குப் போறண்டு கேட்டிருக்கான். அவளே எனக்கு போன்ல அழுதழுது சொன்னா. ஒனக்குச் சொல்லத்தான் நாள் பாத்துட்டு இருந்தாளாம்."

டிக்கெட் விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது? கெவின் சொல்லி. ஏன் போனை வைத்தாள்? கெவின் அழைத்ததால். எல்லாத் தடயமும் உண்மை, ஆளைத்தான் மாற்றிப் பிடித்தேன். ரெ.க்கு நீளமாகச் செய்தி எழுதி அழித்தேன். கடைசியில், "நான் செஞ்சது பிழை," என்று மட்டும். நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

அப்படியானால் கிட்ட இருந்து பார்த்தது யார்?

நான்கு மணிக்கு போன். தெரியாத நம்பர்.

"பிரிஸ்கா பேசுறேங்க. டிரம்ஸ்." நலம் விசாரிக்காமல் நேராகச் சொன்னாள். "ஒங்களப் பாக்க வந்தது நான்தாங்க. எங்க அண்ணனுக்கு. டிக்கெட்டும் நான்தான் செசிலியா அன்ட்டிகிட்ட குடுத்து விட்டேன். நீ அங்கதானே வாசிக்கிற, பொண்ணுகிட்ட தனியா பேசிப் பாத்துட்டு வான்னு அம்மா சொன்னாங்க. நீங்க அந்தத் தேங்காய் கதை சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். வாய் வரல."

இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே நின்றிருந்தேன்.

"பாத்துப் பேசினேன்னு மட்டுந்தான் வீட்டுல சொன்னேங்க, முடிவு ஒண்ணும் சொல்லல. நாளைக்குக் கேப்பாங்க. நீங்க சொல்ற மாதிரியே சொல்லிர்றேன். புடிக்கலன்னு சொல்லிறவா? அண்ணனுக்கு ஒங்க போட்டோவே இன்னும் காட்டல, அவனுக்கு ஒண்ணும் இல்ல."

நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆனால் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன பெண் நான். செசிலியா அன்ட்டி ஒரு பெருமூச்சோடு அதைப் பாடகர் குழுவில் சொல்வார். அம்மா கோயிலில் பின்வரிசைக்குப் போய்விடுவாள். பிடித்திருக்கிறது என்றால் அடுத்த ஞாயிறு தட்டோடு வருவார்கள். இரண்டும் என் பதில்தான், இன்னொருத்தி வாயால்.

அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. கேட்க வந்தது என்பதைக் குறித்து வைக்கிறேன்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க," என்றேன்.

"என்மேல கோவமாங்க?"

"தெரியல," என்றேன். அதுதான் உண்மை. நான் நம்பிய ஒருத்தி என்னைப் பார்க்க அனுப்பப்பட்டவள். அனுப்பப்பட்டவர்களில் என்னிடம் வந்து சொன்னவளும் அவள் ஒருத்திதான்.

செப்டம்பர் 17, புதன்

மழை இல்லை. அரை நாள் லீவு போட்டேன். அப்பா வேலை விட்டு வருமுன் பேசிவிட வேண்டும்.

அம்மா பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். "சனிக்கெழம என்னப் பாத்தது எனக்குத் தெரியும்மா," என்றேன்.

தண்ணீர்க் குழாயை மூடினாள். "யாரு சொன்னா? ரெஜினாவா?"

"ரெஜினாவுக்கு ஒண்ணுமே தெரியாது. யாரும் சொல்லத் தேவையில்ல. ஒங்க மொகத்துலயே இருந்திச்சு."

பாதிப் பொய். பிரிஸ்காவின் பெயர் வெளியே வரக் கூடாது.

"ஒனக்கு நல்லதுக்குத்தானே. முன்ன வந்தவங்ககிட்ட நீ பண்ணின கூத்துக்கு..." கையைத் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்தாள். "எனக்கு வேற எப்பிடின்னு தெரியல புள்ள. ஒங்கிட்டச் சொன்னா நீ கேள்வி கேப்ப. கேள்வி கேட்டா எழும்பிப் போயிருவாங்க."

இதை எதிர்பார்க்கவில்லை. தந்திரம் என்று நினைத்தேன், பயமாக இருந்திருக்கிறது.

"அவங்க என்னா சொல்லுவாங்கன்னு நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்மா. முந்தி நான் சொல்லணும். இந்த மாதிரிப் பாத்தது எனக்கு வேணாம். அந்த ஆளுக்கு என்னப் பாக்கணும்னா, அவரே வந்து, எங்கிட்டக் கேட்டுட்டுப் பாக்கட்டும். அப்ப யோசிக்கிறேன்."

"இத நான் எப்பிடிச் செசிலியாகிட்ட சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்தாள், நம்பரை அழுத்தினாள், மணி போகத் தொடங்கியதும் என் கையில் தந்துவிட்டுப் பருப்புச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "ம், சொல்லுங்க. நானே எடுக்கணும்னு இருந்தேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதே?"

"புள்ளதான் பேசுறேன், அன்ட்டி."