மாமியாரை முன்னால் நிறுத்தி எடுத்த யானைக்கால் கணக்கெடுப்பு

அனுப்புநர்:
டொலிகா பைட்டோனி,
நாமிதோபா கிராமம்,
ஷீரே ஆற்றங்கரை, மலாவி.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் ஊரில் யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பை மறுபடி நடத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தங்கள் ஊழியர்கள் எங்கள் ஊருக்கு வந்து, கொசுக்கடியால் வரும் யானைக்காலும் விரைவீக்கமும் யாருக்கெல்லாம் உள்ளன என்று கணக்கெடுத்தனர். ஆண்களில் ஒருவருக்கும் விரைவீக்கம் இல்லை என்று முடிவு வந்துள்ளது. ஆகவே அறுவை சிகிச்சை முகாமில் எங்கள் ஊருக்கு இடமில்லையாம். ஐயா, என் கணவர் லங்கிசிக்கு அந்த நோய் உள்ளது. சைக்கிளில் சவாரி ஏற்றிப் பிழைத்தவர், இப்போது அதில் உட்காரவே முடியாமல் வீட்டில் கிடக்கிறார்.

2. பிழை நடந்த விதம் இது. எங்களில் ஆண்கள் மனைவியின் ஊருக்கு வந்து வாழ்பவர்கள். எதிரே மாமியார் வந்தால், மரியாதை கருதி, மருமகன் பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கிவிடுவார். இந்தப் பக்கம் பிறந்த எவருக்கும் இது தெரியும். தங்கள் ஊழியர்களோ குடும்பம் குடும்பமாக வரிசை கட்டச் சொல்லி, என் தாயை முதலிலும் அவருக்குப் பின்னால் என் கணவரையும் நிறுத்தினர். பிறகு ஓர் இளம்பெண், "அண்ணா, கீழ வீக்கம் ஏதும் இருக்கா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். என் கணவர் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கென்னம்மா, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்றார். பின்னால் நின்ற மருமகன்களும் வரிசையாகக் கல்லுக்குண்டு ஆனார்கள். ஆண்களின் ஒத்துழைப்பு மிக நன்று என்று பாராட்டிவிட்டு ஊழியர்கள் வண்டி ஏறினார்கள்.

3. நான் நேரில் வந்து முறையிட்டபோது, "அவரே இல்லன்னு சொல்லிட்டாரு, நாங்க என்ன பண்றது?" என்றார்கள். மாமியார் முன்னால் வேறு என்ன சொல்வார், ஐயா? கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டு, வந்த பதிலைக் கட்டிக்கொண்டு அழுதால் யாருக்கு லாபம்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

4. ஆகவே முகாம் கலைவதற்குள் ஆண் ஊழியர்களை அனுப்பி, ஆண்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். வரும் தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லியனுப்புங்கள். அன்று ஊரிலுள்ள மாமியார்கள் எல்லாரும் ஆற்றுக்கு அக்கரை போய்விடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதலைக்குப் பயந்து இதுவரை படகில் கால் வைக்காத என் தாயும் போகிறார். "அந்தப் பிள்ளை மறுபடி சைக்கிள் ஏறட்டும்டி, நான் போறேன்" என்றார்.

தங்கள் ஊழியர்களின் வருகையை எதிர்நோக்கும்,
டொலிகா பைட்டோனி

இடம்: நாமிதோபா
நாள்: 9 செப்டம்பர் 2013

பின்குறிப்பு: என் கையெழுத்துக்குக் கீழே உள்ள கைநாட்டு என் தாயுடையது. அவர் இதை வைத்தது என் கணவருக்குத் தெரிய வேண்டாம்.